பூக்கேட்டால் படிப்பு வருமா?

நமது அந்தியூர்ப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையென்றால் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறார்கள், கோயிலில் பூக்கேட்கிறார்கள், கயிறு கட்டுகிறார்கள். ஒன்றும் பலிக்காவிட்டால் "அவன் தலையெழுத்து" என்று கூலிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கல்வி நஷ்டம். ஜோசியனுக்கு வரும்படி லாபம்.

சூத்திரனுக்குப் படிப்பெதற்கு என்றவர்களும், 1953-ல் அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டவர்களும் நின்றது இந்த அஸ்திவாரத்தின் மீதுதான். அத்திட்டம் 1954-ல் ஒழிந்தது. தலையெழுத்துப் புரட்டு மட்டும் நம் வீடுகளில் ஒழியவில்லை.

படிப்பு வராததற்குக் காரணந்தான் என்ன? அதைச் சாமியைக் கேட்காமல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2001 முதல் 2003 வரை மும்பை, வதோதரா நகரப் பள்ளிகளில், எந்த வகுப்புக்கு உதவி என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்மானித்து, பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் சுமார் 2 மணி நேரம் தனியே அழைத்து, அவ்வட்டாரத்துப் பெண்களைக் கொண்டு எழுத்தும் கணக்கும் அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். உதவி பெற்ற வகுப்புகள் முன்னேறின. கடைசியில் நின்ற பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள்.

"பூக்கேட்பதும் சீட்டுத்தானே?" என்று வைதிகர்கள் கேட்கலாம். பூக்கேட்பவனுக்குப் பூ விழுந்ததோடு வேலை முடிந்தது. இவர்களுக்கோ அதற்குப் பிறகுதான் வேலை. பட்சபாதம் நுழையாமலிருக்கச் சீட்டு. உண்மை தெரியப் பரீட்சை.

கென்யா நாட்டில் 1998 முதல் 75 பள்ளிகளில் பிரிவு பிரிவாகக் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், பிள்ளைகள் பள்ளிக்கு வராமலிருப்பது சுமார் கால்பங்கு குறைந்தது. வயிற்றில் புழு, பழி சரஸ்வதியின் மேல்! அதே நாட்டில் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்ததில், முன்னமே நன்றாய்ப் படித்தவர்களுக்குத்தான் பலன் கிட்டியது. புத்தகத்தின் ஆங்கிலம் மற்றவர்களுக்கு விளங்கவில்லை. ஆகவே, நல்லதென்று நமக்குத் தோன்றுவதையும் சோதித்தே ஏற்கவேண்டும். பகுத்தறிவு பிறருக்கு மட்டும் சொல்லும் உபதேசமல்ல.

நம் நாட்டுச் சங்கதியே இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது நம் கிராமப் பிள்ளைகள் கணக்கில் மிகவும் பின்தங்கினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆராய்ந்ததில், பள்ளி திறந்த 6 மாதத்தில் அந்த நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது தெரிந்தது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால்பங்கு, 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. எந்தக் கடாட்சத்தாலும் அல்ல. மாலை வேளையில் உள்ளூர்த் தொண்டர்கள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததால்.

தோழர்களே! ஆடி மாதத்தில் குருநாதசாமி பண்டிகைக்குச் செலவிட நம்மவர்களுக்குப் பணமும் நேரமும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குப் போக ஒரு மணி நேரம் இல்லையா? போய்க் கேளுங்கள்: ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கிறார்கள்? வாசிக்க முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு? பர்கூர் மலைப் பிள்ளைகளுக்கும் அந்த ஏற்பாடு உண்டா?

பதில் வரும்வரை கேளுங்கள். தலையில் எவனும் எழுதவில்லை. பலகையில் நாம் எழுதிக்கொடுக்கவில்லை என்பதே உண்மை.