உரை ஒன்று, வடிவம் பல

மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னர், வெவ்வேறு குறியேற்றங்களுடன் தமிழ் எழுத்துருக்கள் பெருகின. ஒன்றில் தட்டச்சு செய்தது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. அக்காலக் கோப்புகள் சில இன்றும் திறக்கின்றன, படிக்கத்தான் இயலவில்லை.

ஆகவே, மாணவர்கள் கட்டுரையை முதலில் ஒருங்குறியில் வெறும் உரையாக எழுதுவதே மேல். தலைப்புக்கு முன் ஒரு ஹேஷ் குறி. தடித்த சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி. 2004இல் வந்த மார்க்டவுன் முறை பெரும்பாலும் இவ்வளவுதான். 2006இல் வெளிவந்த பாண்டோக் எனும் மாற்றி அதனை வேர்ட் ஆவணமாக்கித் தரும். அதை உருவாக்கிய ஜோன் மெக்ஃபார்லேன் ஒரு மெய்யியல் பேராசிரியர்!

வேர்ட் கோப்பும் சுருக்கிக் கட்டிய பொதிதான். பிரித்தால் உள்ளே உரைக்கோப்புகள் இருக்கும். புக்கிட் பெருவாங் பல்லூடகப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் தமிழ் மாணவர் சிறு மாற்றி ஒன்றைத் தாமே எழுதிப் பார்க்கலாம். முதலில் தலைப்பும் பத்தியும் சரியாக வந்தால் போதும், அட்டவணை பிறகு.