20 பவுண்டு வீரர்கள்

இங்கிலாந்தின் பழைய கால்பந்து ரசிகர் ஒருவரிடம் "1960-61" என்று சொல்லிப் பாருங்கள். "டாட்டன்ஹாம்!" என்று உடனே பதில் வரும்.

அப்படிப்பட்ட சீசன் அது. லண்டன் நகரின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கோஷ்டி, முதல் டிவிஷனில் தான் ஆடிய முதல் 11 ஆட்டங்களிலும் வெற்றி பெற்றது. மொத்தம் 42 ஆட்டங்கள். 31 வெற்றி. 115 கோல். வெற்றிக்கு 2 பாயிண்டு என்றிருந்த அந்தக் காலத்தில் 66 பாயிண்டு! இரண்டாவதாக வந்த ஷெபீல்டு வெட்னஸ்டே 8 பாயிண்டு பின்னால் நின்றது. 1961-ம் ஆண்டு மே 6-ந்தேதி வெம்பிளி மைதானத்தில் லெஸ்டர் கோஷ்டியை 2-0 என்று தோற்கடித்து, எப்.ஏ. கோப்பையையும் டாட்டன்ஹாம் தூக்கிக்கொண்டு போனது. ஒரே சீசனில் லீக் பட்டம், கோப்பை இரண்டையும் ஒரு கோஷ்டி வென்று 64 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாக வென்றது ஆஸ்டன் வில்லா, 1897-ல்.

மானேஜர் பில் நிக்கல்சன் அதிகம் பேசாதவர். கேப்டன் டானி பிளான்ச்பிளவர் அதற்கு நேர் எதிர். பேச்சிலும் எழுத்திலும் கெட்டிக்காரர். பிரபலங்களைத் திடீரென்று பிடித்து வந்து வாழ்க்கைக் கதை சொல்லும் டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு, அதே சீசனில் அவரையும் பிடித்தார்கள். "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அந்த நிகழ்ச்சியை அதுவரை யாரும் மறுத்ததில்லை!

இந்தக் கோஷ்டியின் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அந்த சீசனின் மிகப் பெரிய வெற்றி வெம்பிளியில் கிடைக்கவில்லை. 1961-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி, லண்டனில் தொழில் இலாகா அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் கிடைத்தது. அதை மறந்துவிட்டு டாட்டன்ஹாமை மட்டும் கொண்டாடுவது பாதிக் கதையைச் சொல்வதாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

அன்று இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து வீரருக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆட்டம் இல்லாத கோடை மாதங்களில் 17 பவுண்டு. லீக் போட்ட சட்டம் இது. 1901-ம் ஆண்டு 4 பவுண்டு என்று தொடங்கிய உச்சவரம்பு, அறுபது ஆண்டுகளில் ஆமை வேகத்தில் ஊர்ந்து 20-க்கு வந்திருந்தது. அதே நாட்டில் ஆலைத் தொழிலாளிக்குச் சராசரியாக வாரம் 15 பவுண்டு வரை கிடைத்தது.

"ஆலைத் தொழிலாளியைவிட 5 பவுண்டு அதிகம்தானே, போதாதா?" என்று கேட்கத் தோன்றும். கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

டாட்டன்ஹாம் மைதானத்துக்கு அந்த சீசனில் சராசரியாக 50 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆளுக்கு இரண்டே ஷில்லிங் என்று குறைத்து மதிப்பிட்டால்கூட ஒரு ஆட்டத்துக்கு 5,000 பவுண்டு வசூல். ஆடும் 11 பேருக்கு மொத்தச் சம்பளம் 220 பவுண்டு. வெற்றி பெற்றால் தலைக்கு 4 பவுண்டு போனஸ். அதையும் சேர்த்தால் 264! எதிரணியின் பங்கு, மைதானச் செலவு எல்லாம் கழித்த பின்பும், யாரைப் பார்க்க அந்த 50 ஆயிரம் பேர் வந்தார்களோ அவர்கள் கைக்குப் போனது சொற்பம்.

இன்னொரு கணக்கு. டாட்டன்ஹாமின் தூணாக இருந்த டேவ் மக்காயை, ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கோஷ்டியிடம் 1959-ல் 32 ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அந்தப் பணம் விற்ற கிளப்புக்குப் போனது. வாரம் 20 பவுண்டு வீதம் மக்காய் 32 ஆயிரம் சம்பாதிக்க 1,600 வாரம் ஆகும். அதாவது முப்பது ஆண்டுக்கு மேல். எந்தக் கால்பந்து வீரருடைய கால் முப்பது ஆண்டு தாங்கும்? மாட்டுச் சந்தையில் மாட்டுக்கு விலை உண்டு, மாட்டுக்குப் பங்கு கிடையாது. அந்தக் கதைதான்.

கட்டிப்போட்ட கயிறு

சம்பளம் குறைவு என்றால் வேறு கிளப்புக்குப் போகலாமே? அதுவும் முடியாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரின் பதிவு கிளப்பின் பெட்டியில் இருக்கும். கிளப் விடாவிட்டால் அவர் வேறு எங்கும் ஆட முடியாது. சம்பளமும் கிடைக்காது.

நியூகாசில் கோஷ்டியின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் இந்தக் கயிற்றை அறுக்கத் துணிந்தார். 1960-ம் ஆண்டு கோடையில், "உங்களுக்கு இனி ஆடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தென் இங்கிலாந்துக்குப் போய் கார்க் விற்கும் வேலையில் சேர்ந்தார். சீசன் தொடங்கியது. நாட்டின் திறமையான முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர் கார்க் விற்றுக்கொண்டிருந்தார்! நவம்பரில் நியூகாசில் இறங்கி வந்தது. 47,500 பவுண்டுக்கு அர்சனலுக்கு விற்றது.

அந்த சீசன் முடிவில் நியூகாசில் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கியது. ஈஸ்ட்ஹாமின் சாபம் என்று சொன்னால் சுவையாக இருக்கும், உண்மை அதுவல்ல. அந்த கோஷ்டி 86 கோல் போட்டது. இரண்டாவது இடம் பிடித்த ஷெபீல்டு வெட்னஸ்டே போட்டதே 78-தான். ஆனால் நியூகாசில் வாங்கிக் கட்டிக்கொண்ட கோல் 109!

ஈஸ்ட்ஹாம் அதோடு விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். ஒரு மனிதன் தொழில் செய்து பிழைப்பதை நியாயமின்றித் தடுக்கும் முறை இது என்று 1963-ல் நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். இந்த நீதிபதி, அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்போர்சின் வம்சத்தில் வந்தவர். ஒப்பந்தம் முடிந்த வீரர் பணம் எதுவும் கட்டாமல் வேறு கிளப்புக்குப் போகும் முழு உரிமை வர, 1995-ம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சங்கத் தலைவர் ஹில்

வீரர்களின் சங்கத்துக்குத் தலைவர் ஜிம்மி ஹில். புல்ஹாம் கோஷ்டியின் ஆட்டக்காரர். தாடி வைத்தவர், வாதத்தில் யாருக்கும் சளைக்காதவர். உச்சவரம்பை எடுக்காவிட்டால் 1961 ஜனவரி 21-ந்தேதி முதல் வேலைநிறுத்தம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது.

மான்செஸ்டர் கூட்டத்தில் நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். ஓர் இளைஞர் எழுந்தார். தன் தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத்தில் பாடுபட்டும் இதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார், நமக்கு 20 பவுண்டு போதும் என்றார். கூட்டம் அடங்கிப்போனது. அப்போது போல்டன் கோஷ்டியின் டாமி பாங்க்ஸ் எழுந்தார். அவரே சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்க வேலை தனக்கும் தெரியும் என்றார். பிறகு, அந்தத் தகப்பனாரை வரச் சொல், முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க ஸ்டான்லி மாத்யூசை அவர் தடுத்துக் காட்டட்டும் என்று சொன்னாராம்! கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது.

மந்திரி ஜான் ஹேர் தலையிட்டார். வேலைநிறுத்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் சமரசம் ஏற்பட்டது. உச்சவரம்பு ஒழிந்தது.

புல்ஹாம் கிளப்பின் தலைவர் டாமி டிரிண்டர் ஒரு சிரிப்பு நடிகர். "சட்டம் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் ஜானி ஹெய்ன்சுக்கு 100 பவுண்டு கொடுப்பேன்" என்ற தோரணையில் வெளிப்படையாகப் பேசியிருந்தார். சட்டம் ஒழிந்தது. வாக்குத் தவற முடியவில்லை. இங்கிலாந்தின் கேப்டனான ஹெய்ன்ஸ், வாரம் 100 பவுண்டு வாங்கிய முதல் வீரர் ஆனார்.

ஜிம்மி கிரீவ்ஸ் விஷயத்தில் காரியம் பிந்திவிட்டது. அந்த சீசனில் செல்சிக்காக லீகில் 41 கோல் போட்ட 21 வயது இளைஞர் அவர். 80 ஆயிரம் பவுண்டுக்கு இத்தாலியின் மிலான் கோஷ்டி கொத்திக்கொண்டு போனது. அங்கே மனம் ஒட்டாமல், அதே ஆண்டு டிசம்பரில் டாட்டன்ஹாமுக்குத் திரும்பி வந்தார்.

சின்ன ஊர்கள் செத்தது யாரால்?

"உச்சவரம்பை எடுத்ததால்தான் சின்ன ஊர்க் கிளப்புகள் அழிந்தன; பணக்காரக் கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டன" என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. இன்றும் இங்கிலாந்தில் சம்பளத்துக்கு மறுபடி வரம்பு கட்டுங்கள் என்று சொல்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. 1960-ல் லீக் பட்டம் வென்ற பர்ன்லி, சுமார் 80 ஆயிரம் பேர் வசிக்கும் பஞ்சாலை ஊர். எங்கு போனாலும் அதே 20 பவுண்டு என்னும்போது, நல்ல ஆட்டக்காரர் பர்ன்லியிலேயே இருந்துவிடுவார். 1961-க்குப் பிறகு அந்த நிலை மாறியது உண்மை. போல்டன் 1964-லும், பிளாக்பூல் 1967-லும், பர்ன்லி 1971-லும் முதல் டிவிஷனிலிருந்து இறங்கின.

ஆனால் பிரெஸ்டனைப் பாருங்கள். லீக், கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் முதன்முதலில் வென்ற கோஷ்டி அது, 1889-ம் ஆண்டிலே! டாட்டன்ஹாம் அதே சாதனையைச் செய்த 1960-61 சீசனில், பிரெஸ்டன் கடைசி இடத்துக்கு வந்து கீழே இறங்கியது. அதன்பின் முதல் டிவிஷனுக்கு அது திரும்பவே இல்லை. பிரெஸ்டன் சரிந்தது உச்சவரம்பு அமலில் இருந்த ஆண்டுகளில். காப்பாற்றும் என்று சொன்ன வேலி, பயிரைக் காப்பாற்றவில்லை.

உச்சவரம்பு ஒழிந்த மறு சீசனிலேயே, 1962-ல், பட்டம் வென்றது யார்? பணக்கார லண்டன் கிளப் எதுவும் இல்லை. அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு வந்திருந்த இப்ஸ்விச்! இரண்டாவது இடம் அதே பர்ன்லி. டெர்பி 1972-லும் 1975-லும் வென்றது. நாட்டிங்ஹாம் பாரஸ்ட் 1978-ல் வென்றது.

பெரிய கிளப்புக்கும் சின்ன கிளப்புக்கும் நடுவே பள்ளம் விழுந்ததற்கு வீரர்களின் சம்பளத்தைவிட, வசூலைப் பங்கிடும் முறையை மாற்றியதே முக்கியக் காரணம். மைதான வசூலில் வந்த கோஷ்டிக்கும் பங்கு உண்டு என்ற பழைய வழக்கம் 1983-ல் எடுபட்டது. சொந்த மைதானத்து வசூல் முழுவதும் சொந்தக் கிளப்புக்கே என்றானது. டெலிவிஷன் பணத்தை ஒரு காலத்தில் 92 கிளப்புகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. 1992-ல் மேல் டிவிஷன் கிளப்புகள் பிரிமியர் லீக் என்று தனிக்குடித்தனம் போய், பெரும்பணத்தைத் தங்களுக்கே வைத்துக்கொண்டன. இந்த இரண்டு முடிவையும் எடுத்தது எந்த ஆட்டக்காரரும் அல்ல. கிளப் முதலாளிகள்! சின்ன ஊர்களின் மேல் அக்கறை இருப்பவர்கள் அந்தப் பங்கீட்டை மறுபடி கேட்கட்டும். அதை விட்டுவிட்டு ஆட்டக்காரர் சட்டைப் பையில் கை வைப்பது என்ன நியாயம்?

பிரெஸ்டனின் டாம் பின்னி, மாத்யூசுக்கு இணையாகப் பேசப்பட்ட வீரர். 1952-ல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவருக்கு 10 ஆயிரம் பவுண்டு கையில் கொடுத்து, வீடும் காரும் தருவதாகக் கூப்பிட்டது. பிரெஸ்டன் தலைவர் மறுத்துவிட்டார். பின்னி ஆட்டத்தோடு குழாய் வேலையும் பார்த்துக்கொண்டு, கடைசிவரை அதே ஊருக்கு ஆடினார். 1960-ல், உச்சவரம்பு உடைவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஓய்வு பெற்றார். அவர் போன மறு சீசனில் பிரெஸ்டன் இறங்கியது.