நாற்பத்தைந்து நாள்

சிவகாசியில் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் கூலி கொடுத்தாக வேண்டும். தீக்குச்சி அடுக்கிய பெண்ணும், பட்டாசுக்குத் திரி பின்னிய பெண்ணும், "வியாபாரி இன்னும் பணம் அனுப்பவில்லை, அம்மா" என்று முதலாளி சொன்னால் சரியென்று வீடு திரும்ப மாட்டார்கள், திரும்பவும் கூடாது. ஆனால் சரக்கை வாங்கிய வடநாட்டு வியாபாரியின் பஞ்சாங்கத்தில் சனிக்கிழமை என்று ஒரு கிழமையே கிடையாது. சிறு தொழிலின் சங்கடமெல்லாம் இந்த இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சட்டம் செய்கிறவர்களுக்கும் சிவகாசிக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1922-ல் அன்னியத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி குரோஸுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்ந்தது. அந்தச் சமயத்திலேதான் ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஸ்வீடன் தேசத்துக் கம்பெனி லேசில் விடுமா? வரிச் சுவரைத் தாண்டுவானேன் என்று சுவருக்கு உட்புறமே வந்து, 1923-ல் 'விம்கோ' என்ற பெயரில் ஆலை வைத்துவிட்டது! பிறகு யந்திர ஆலைக்கு அதிகக் கலால் வரி, கைத்தொழிலுக்குக் குறைந்த வரி என்று வித்தியாசம் வைத்துத்தான் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களெல்லாம் பிழைத்தன. (அந்தச் சீமையில் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றே சொல்வார்கள், கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது.) 2017-ல் சரக்கு சேவை வரி வந்தபோதும் கையால் செய்வதற்கு 5 சதவிகிதம், மற்றதற்கு 18 என்று அந்த வித்தியாசம் நிலைத்தது. 2020-ல் இரண்டுக்கும் ஒன்றாய் 12 என்று ஆக்கி அதை அழித்துவிட்டார்கள்.

வரி விஷயம் இருக்கட்டும். நாம் சொல்ல வந்தது கடன் பாக்கியைப் பற்றி.

2006-ல் பார்லிமெண்டு ஒரு நல்ல சட்டம் செய்தது. சிறு தொழிலாளரிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், 45 நாளைக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கு விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி. அதுவும் மாதா மாதம் வட்டிக்கு வட்டி. மத்தியஸ்தம் செய்ய ஒரு கௌன்சிலும் உண்டு. படித்தால் வாய் ஊறும். ஆனால் அந்தக் கௌன்சிலில் மனுப் போடவேண்டியவர் யார்? பாக்கிக்காகக் காத்திருக்கும் அதே மனிதர்! மனுவைப் போட்டால் பழைய பாக்கி வரலாம். அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் வராது. ஆகவே அவர் வாயைத் திறப்பதில்லை. வழக்காடத் தைரியமுள்ளவனுக்கு மட்டும் பயன்படுகிற சட்டம், அத்தைரியம் இல்லாதவனுக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

இதை உணர்ந்தோ என்னவோ, 2023-ல் வருமான வரிச் சட்டத்திலே ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள். 45 நாளைக்குள் கொடுக்காத பாக்கியை, உண்மையில் கொடுக்கும் வரையில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிடில் கெடு 15 நாளே. 2024 ஏப்ரலில் அது அமுலுக்கு வந்தது. விற்றவர் யார் மீதும் புகார் சொல்ல வேண்டாம். வாங்கியவரின் கணக்கப்பிள்ளையே மார்ச்சு மாதத்தில் அவரை அதட்டுவார். இந்த யுக்தியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

எனினும் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. அந்த ஷரத்து குறுந்தொழிலுக்கும் சிறு தொழிலுக்குந்தான். நடுத்தர ஆலைக்கு இல்லை. கெடுவுக்கு அஞ்சும் வியாபாரி, சின்ன ஆபீஸை விட்டுப் பெரிய ஆலையிடம் போனால் என்ன செய்வது? உதவ வந்த சட்டமே வாடிக்கையை ஓட்டிவிடும். இன்னொன்று, விருதுநகரைப் பற்றியது. அது மண்டிக்காரர்களின் ஊர். 2021-ல் வியாபாரிகளையும் சிறு தொழில் பதிவேட்டில் சேர்த்தார்கள். ஆனால் பாங்குக் கடனில் முன்னுரிமை என்ற ஒரே பயனுக்காக. 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. உற்பத்தி செய்தவருக்குக் கெடுவுக்குள் பணம் கட்டிவிட்டு, வெளியூர்க் கடைக்காரரிடம் ஆறு மாதம் காத்திருக்கும் சின்ன வியாபாரியின் கதி என்ன?

சிறு தொழிலுக்கு அடுத்த மசோதாவை யோசிக்கும் அங்கத்தினர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: புதிதாக ஒரு மானியம் வேண்டாம். கெடுவை நடுத்தர ஆலைக்கும் பொதுவாக்குங்கள். மண்டிக்காரரையும் அதற்குள் சேருங்கள். கௌன்சிலில் தாமாகவே விசாரணை தொடங்கும் அதிகாரத்தையும் கொடுங்கள். சிவகாசிக்காரர் மனுப் போடுவார் என்று காத்திருந்தால், அவர் போடமாட்டார்.