நடங்கன்னு சொன்னா போதுமா?

முழங்கால் வலி என்று வருகிறவர்களுக்கெல்லாம் தைலம் கொடுத்து, "தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்ததிலிருந்து முப்பது வருஷமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். சாப்பிட்ட பின் குறுநடை கொள்ள வேண்டும் என்று தேரையர் சொன்னதையும் எடுத்து விடுவேன். ஆனால், 'எங்கே நடப்பீங்க?' என்று யாரையும் ஒருநாளும் கேட்டதில்லை. இது எனக்கு உறைத்தது, அமெரிக்காவில் ஒரு ஓடைக்கரையில்!

2023-ல் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் கலிபோர்னியா போயிருந்தோம். சான் ஹோஸேக்குப் பக்கத்தில் கேம்ப்பெல் என்ற ஊர். முதல் பத்து நாள் வீட்டை விட்டு இறங்கவில்லை. சமையல், குழந்தையின் குளியல், மிச்ச நேரம் சோபா. மனைவிக்கு முழங்கால் மரக்கட்டையாகி விட்டது. என் தைலமும் எடுபடவில்லை.

"அப்பா, அம்மாவை ஓடைப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. காரே வேண்டாம், பக்கத்துலதான்" என்றாள் மகள்.

அதுதான் லாஸ் காட்டோஸ் கிரீக் டிரெயில். ஓடையை ஒட்டி, பெரும்பாலும் தார் போட்ட பாதை 15 கிலோமீட்டர் அளவுக்குப் போகிறது. லெக்சிங்டன் அணைக்கு ஏறும் கடைசிப் பகுதிதான் கடினம். கேம்ப்பெல் பக்கமெல்லாம் ஏறக்குறைய சமதளம். கார், மோட்டார் சைக்கிள் கிடையாது. பெரிய சாலைகள் குறுக்கிடும் இடங்களில் பாலத்துக்கு அடியில் புகுந்து போய்விடலாம். நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், சைக்கிள், குழந்தை வண்டி, சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் அதே பாதைதான். வழியில் பெரிய பெரிய குளங்கள். நிலத்தடி நீர் ஊறுவதற்காக வெட்டியவை. வாத்தும் கொக்குமாக, நம்ம ஊர் கண்மாய்க் கரையில் நடக்கிற மாதிரியே இருக்கும்.

முதல் நாளே ஒரு கூத்து. பின்னாலிருந்து "ஆன் யுவர் லெஃப்ட்!" என்று ஒரு சத்தம். இடது பக்கம் ஒதுங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து என் மனைவி இடது பக்கமே நகர்ந்து விட்டாள். சைக்கிள்காரர் பிரேக் போட்டு நிறுத்தியதால் பிழைத்தோம். 'உங்கள் இடது பக்கமாக நான் தாண்டிப் போகிறேன்' என்று அர்த்தமாம். சத்தம் கேட்டால் நகராமல், வலது ஓரமாகவே நடந்தால் போதும்.

முதல் வாரம் பத்து நிமிஷம். ஒரு மாதத்தில் நாற்பது நிமிஷம் நடந்தாள். வலி மாயமாகி விட்டது என்று கதை விட மாட்டேன். தேய்ந்த மூட்டு நடப்பதால் புதிதாகி விடாது. ஆனால் அசைகிற மூட்டில் விறைப்பு குறையும். தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் பாரம் குறையும். கைப்பிடியைப் பிடிக்காமல் மகள் வீட்டு மாடிப்படி ஏறினாள்.

ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "இத்தனை வருஷம் நான் நடன்னு சொன்னப்ப கேக்கல. இங்க மட்டும் நடக்கிறியே?" என்று சீண்டினேன்.

"நடன்னு சொன்னீங்க. எங்க நடக்கணும்னு சொன்னீங்களாங்க? நம்ம தெருவுல ரெண்டு பக்கமும் பைக். சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சா எந்தத் தைலம் போடுவீங்க?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. என்னிடம் வந்த எத்தனை பெண்களை, 'சொன்னதைச் செய்ய மாட்டேங்கிறாங்க' என்று கடிந்திருக்கிறேன்!

பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு...

பெற்றோரை டி.வி. முன்னால் உட்கார வைத்துவிட்டு ஆபீஸ் போகும் பிள்ளைகளே, வந்த முதல் வாரமே இப்படி ஒரு பாதையைக் காட்டிக் கொடுங்கள். இரண்டு முறை கூடவே நடங்கள். மூன்றாவது நாள் அவர்களே போய் வருவார்கள்.

பெரியவர்களே, களைப்பு வருமுன் திரும்பி விடுங்கள். போன தூரம் திரும்பியும் வர வேண்டுமே! சாக்ஸும் ஷூவும் போடுங்கள். சர்க்கரை நோயாளிகள் வீடு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். தண்ணீரும் வீட்டு முகவரியும் கையில் இருக்கட்டும். நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அங்கேயே உட்கார்ந்து உதவி கேளுங்கள்.

கலிபோர்னியா ஓடைக்கரையில் மூன்று மூன்று இலையாக ஒரு செடி இருக்கும், பாய்சன் ஓக் என்று பெயர். மூலிகை ஆர்வத்தில் நான் கை வைக்கப் போனேன், மகள் தடுத்தாள். நம் சேங்கொட்டையின் குடும்பம்தான் அது. பட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கும். தெரியாத இலையைத் தொடாதீர்கள்.

நம் ஊரில்?

வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, எங்கே? நம் ஊரில் ஓடை என்றாலே குப்பையும் சாக்கடையும்தான். அதே கரையில் வண்டி ஏறாத, மேடு பள்ளமில்லாத, நிழலும் உட்கார பெஞ்சும் உள்ள ஒரு கிலோமீட்டர் பாதை இருந்தால் எத்தனை முழங்கால்கள் பிழைக்கும்! சிமென்ட் ரோடு கேட்டு கவுன்சிலரிடம் போகிறோமே, இதையும் கேட்போம். இதுவும் மருந்துதான்.

அது வரும்வரை? ஊர் திரும்பியதிலிருந்து நோயாளிகளிடம் முதலில் இடத்தைக் கேட்கிறேன். ஒருவருக்குக் கோயில் பிரகாரம், இன்னொருவருக்குப் பள்ளி மைதானம், யாருமில்லாதவருக்கு மொட்டை மாடி. அதையும் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன், தைலத்தின் பெயருக்கு மேலே.