அறியாத துண்டமும் அழிக்கும் உரிமையும்

துண்டந் துண்டமாக அமைந்த கோப்புகளைப் படிப்பதற்கு மீளழைப்பு முறை சிறந்தது என்பதில் ஐயமில்லை. 1985இல் தோன்றிய ஐ.எஃப்.எஃப்., 1991இல் வந்த ரிஃப், 1996இல் வந்த பி.என்.ஜி. ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டமும் நான்கெழுத்துப் பெயரையும் தன் நீளத்தையும் தலைப்பில் தாங்கி வரும். பகுப்பி பெயரைக் கண்டதும் அதற்கெனப் பதிவான செயற்கூற்றை அழைக்கும். முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

ஆயின், எந்தச் செயற்கூறும் பதிவாகாத துண்டத்தின் கதி யாது? நீளத்தைக் கணக்கிட்டுத் தாண்டிச் செல்வதே நிரலாளர் பலரது வழக்கம். படத்தைக் காட்டி அமையும் நிரலுக்கு இது பொருந்தும். படித்ததை மீண்டும் எழுதும் நிரலுக்கோ இது அழிவேயாகும். தோட்டத்துச் செக்ரோலில் பேர் விழாதவரின் அன்றைய உழைப்புக் கணக்கில் சேராதவாறு, பதிவேறாத துண்டமும் புதிய கோப்பில் இடம்பெறாது போகின்றது.

கலவானத் தோட்டமொன்றின் பழைய லயத்துப் படம் பி.என்.ஜி. கோப்பாக்கப்பட்டு, அதிலுள்ளோர் பெயர்கள் தமிழில் சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். ‘டெக்ஸ்ட்’ துண்டம் லத்தீன் எழுத்துகளையே ஏற்கும்; தமிழுக்கு இடமளிப்பது 1999இல் சேர்ந்த ‘ஐ.டி.எக்ஸ்.டி.’ துண்டம். ஆங்கிலக் குறிப்பை மட்டும் எண்ணிச் செயற்கூறு எழுதியவரின் நிரல், படத்தைச் சிறிதாக்கிச் சேமிக்கும்போது தமிழ்ப் பெயர்களை ஓசையின்றி உதிர்த்துவிடும். படம் இருக்கும், அதில் நிற்பவர் யாரென்பது இராது. தந்தை இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று காட்ட இயலாமையால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுக்குப் பெயரும் குறிப்பும் வெறும் அலங்காரங்கள் அல்ல.

“அவை துணைத் துண்டங்கள்தாமே” என்பர் சிலர். வடிவத்தை வகுத்தோர் அவ்வாறு கருதவில்லை. பெயரின் முதலெழுத்துச் சிறியதாயின் அத்துண்டம் துணையானது. நான்காம் எழுத்தும் சிறியதாயின், அதன் பொருள் அறியாத நிரலும் அதை அப்படியே படியெடுக்கலாம். தமிழ்க் குறிப்புத் துண்டம் இவ்விரு விதிகளுக்கும் அமைந்தது. படியெடுக்க இசைவு இருந்தும் வீசுவது வடிவத்தின் குறையன்று, நிரலாளரின் அசட்டையே. “கோப்பின் அளவு குறைகிறதே” என்பதும் நில்லாது. பயனர் கேட்டு நீக்குவது வேறு. கேளாமலே நீக்குவது வேறு.

மற்றொரு தவறும் உண்டு. தரவு வந்த அளவிலே செயற்கூற்றுக்குக் கொடுக்கப்படுகையில், ஒரு சொல் நடுவே முறியக்கூடும். ‘கலவான’ என்பது யூ.டி.எஃப்.-8 முறையில் 15 பைட்டுகள். அதனுள் ‘வா’ மட்டும் 6. எஞ்சிய பைட்டுகளை அடுத்த அழைப்புவரை காத்து வைக்காத செயற்கூறு எழுத்தைச் சிதைத்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்போர் இதை ஒருபோதும் காணார்.

பரிகாரம் அரிதன்று. லிப்பி.என்.ஜி. நூலகத்தில், அறியாத துண்டத்துக்கான செயற்கூறு பிழையெனின் எதிர்மறை எண்ணையும், அறியேன் எனின் பூச்சியத்தையும், கையாண்டேன் எனின் நேர்மறை எண்ணையும் திருப்புகின்றது. அறியாமையை ஒப்புக்கொள்ள அங்கே இடமுண்டு. அவ்விடத்தை ஒவ்வொரு நிரலும் பயன்படுத்துக. அறியாத துணைத் துண்டத்தை விதி இசைந்தால் படியெடுத்து வைப்பதே இயல்புநிலை ஆகட்டும். நீக்குவதற்கே தனி ஆணை வேண்டப்படட்டும். பல்கலைக்கழகங்களில் நிரலாக்கம் கற்பிப்போர், பதிவான பெயர்களைக் கையாளும் திறமையை மட்டும் மதிப்பிடாது, பதிவாகாத பெயரை மாணவரின் நிரல் என்ன செய்கிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.