கூரைக்குத் தகுந்த பந்தல்

ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களுக்கு மோட்டாரில் பிரயாணம் போகும் குடும்பங்களில் விவேகமுள்ளவை மே முதல் ஆகஸ்டு வரையிலுள்ள குளிர்ந்த மாதங்களையே தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன என்றாலும், பள்ளிக்கூடங்களின் நீண்ட விடுமுறை டிசம்பரிலும் ஜனவரியிலும் வந்து வாய்த்திருக்கிற காரணத்தால், கோடையின் உச்சத்திலேயே குழந்தைகளையும் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவர்களும் அங்கே குறைவில்லை. அந்தக் கோடை எத்தகையது என்பதற்கு ஒரு பிரமாணம் சொல்ல வேண்டுமானால், தென் ஆஸ்திரேலியாவிலுள்ள ஊட்னடாட்டா என்னும் சிற்றூரில் 1960-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி 50.7 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் பதிவாயிற்று என்பதையும், மேற்குக் கடற்கரையிலுள்ள ஆன்ஸ்லோவில் 2022 ஜனவரியில் அதே அளவு மறுபடியும் பதிவாயிற்று என்பதையும் சொன்னால் போதும். சருமப் புற்றுநோயின் உபத்திரவம் மிகுந்த அத்தேசத்தில், சட்டை அணியுங்கள், களிம்பு பூசுங்கள், தொப்பி போடுங்கள் என்று 1981-இல் விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய்த் தடுப்பு மன்றம் ஒரு கடற்பறவையின் சித்திரத்தை வைத்துப் பிரசாரம் செய்தது; பிற்பாடு 2007-இல், நிழலை நாடுங்கள், கறுப்புக் கண்ணாடி அணியுங்கள் என்னும் இரண்டு புத்திமதிகளும் அதனோடு சேர்ந்துகொண்டன.

நிழலை நாடு என்று சொல்வது சுலபம். நாடிப் போகிற இடத்தில் அது இருக்க வேண்டுமே! நல்லார்பார் சமவெளியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் மரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இராது. மரம் உள்ள ஆற்றங்கரைகளிலோ வேறொரு சங்கடம் இருக்கிறது. அங்கே ஓங்கி நிற்கும் செந்நிற யூகலிப்டஸ் மரங்கள், காற்றே இல்லாத உஷ்ணமான பகற்பொழுதில்கூட, யாதொரு முன்னறிவிப்புமின்றிப் பெருங்கிளைகளை முறித்துத் தள்ளிவிடும் சுபாவமுள்ளவை. ஆகையால் அவற்றின் அடியில் கூடாரம் அடிக்கக் கூடாது என்பது அந்நாட்டுப் பிரயாணிகளின் பாலபாடம். இந்த நிலைமையில், வண்டியின் கூரைமேலுள்ள கேரியரின் ஓரத்தில் ஒரு துணிப்பந்தலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் விரித்து நிழல் செய்துகொள்ளும் யுக்தி அங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. அந்த யுக்தியை நான் குறை கூற வரவில்லை. ஆனால் பந்தல் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது; அதைச் சுமக்கிற கூரை அப்படியேதான் இருக்கிறது. எவ்வளவு நிழல் வேண்டும் என்று கணக்கிட்டுப் பந்தல் வாங்குவது தவறு, கூரை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டே வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சாதாரணமான பந்தல் இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஓர் அலுமினியச் சட்டத்தில் சுருட்டப்பட்டு, உறையொன்றில் அடங்கிக் கிடக்கும். உறையின் ஜிப்பைத் திறந்து துணியை இரண்டரை மீட்டர் இழுத்து, இரண்டு கால்களை ஊன்றினால் வேலை முடிந்தது. எடை பத்துப் பன்னிரண்டு கிலோவிலிருந்து பதினைந்து கிலோ வரையில் இருக்கும். இப்பொழுது நாகரிகமாகியிருப்பதோ 270 பாகைப் பந்தல். வண்டியின் பின்மூலையில் ஒரு கீலை வைத்து, அதிலிருந்து விசிறி விரிவது போன்று நாலைந்து கைகள் சுழன்று, பக்கவாட்டையும் பின்புறத்தையும் ஒருசேர மூடிவிடும். நிழலின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். விரிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, கால் ஊன்ற வேண்டியதே இல்லை என்று அதற்கு விளம்பரமும் உண்டு. எடை இருபது கிலோவுக்குக் குறையாது. முப்பதை எட்டுவதும் உண்டு. அவ்வளவும் கூரையின் ஒரே ஓரத்தில், அதிலும் பெரும்பகுதி ஒரே மூலையில்.

கூரை எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. நிற்கிற வண்டியின் கூரை பெரும் பாரத்தைத் தாங்கும். கடைக்காரர் நான்கு ஆட்களை மேலே ஏற்றி உட்கார வைத்துக் காட்டினாலும் அது ஆச்சரியமாகாது. ஓடுகிற வண்டியின் கூரை, பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் பள்ளத்தில் விழும்போதும், அதே பாரத்தைப் பல மடங்காகத் தாங்க நேர்வதால், தயாரிப்பாளர் அதற்கு விதிக்கும் எல்லை மிகச் சுருக்கமானது. கேரியரின் எடையும், பிராக்கெட்டின் எடையும், போல்ட் நட்டுகளின் எடையும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். தார் போடாத சாலையானால், அந்த எல்லையையும் ஒன்றரையால் வகுத்துக்கொள்ளும்படி கேரியர் செய்யும் கம்பெனிகள் யோசனை கூறுகின்றன. சுஸுகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். அதன் கூரைக்கு விதிக்கப்பட்டிருப்பது 30 கிலோ. மண்சாலைக் கணக்கில் 20. தட்டையான அலுமினியக் கேரியர் ஒன்றை வைத்ததுமே அந்த இருபதும் ஏறக்குறைய தீர்ந்துபோகும். அதன்மேல் 270 பாகைப் பந்தலையும் ஏற்றிக்கொண்டு, எரிவாயு உருளையையும் மண்வெட்டியையும் பக்கத்தில் கட்டிக்கொண்டு ஒருவர் கிப் ஆற்றுச் சாலையில் போகிறாரென்றால், அவருடைய தைரியத்தை மெச்சலாமே தவிர, கணக்கை மெச்ச முடியாது. அந்தச் சாலை சுமார் 660 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் பெரும்பகுதி வரிவரியாக அலையெழும்பிய மண்தரை.

மாட்டுகிற முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் கடைகளில் அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுக்கப்படும் இந்த வேலையில்தான் பிற்பாடு வரும் சங்கடங்களுக்கெல்லாம் வித்து இருக்கிறது. கேரியரின் குறுக்குச் சட்டத்திலுள்ள பள்ளத்தில் போல்ட்டின் தலையைச் செலுத்தி, அதில் எல் வடிவமான பிராக்கெட்டைப் பொருத்தி, பந்தலின் முதுகுச் சட்டத்தை அந்தப் பிராக்கெட்டில் பூட்டுவது வழக்கம். இரண்டு பிராக்கெட்டுகளும் எவ்வளவு அகன்று நிற்கின்றனவோ அவ்வளவு நல்லது; இரண்டரை மீட்டர்ப் பந்தலுக்கு மூன்றாவது ஒன்றையும் வைத்தால் இன்னும் உத்தமம். தடித்த எஃகுப் பிராக்கெட்டே வேண்டும். மெல்லிய தகடு அதிர்ச்சியில் களைத்து, மடிப்பின் மூலையில் கீறல் விட்டு, ஒரு நாள் அறுந்துபோகும். நைலான் வளையம் உள்ள நட்டைத் தவிர வேறு நட்டு அங்கே நிலைக்காது. துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டை அலுமினியத்தில் அப்படியே வைத்து முறுக்கினால், கடற்காற்றின் உப்பு பட்டு அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். கொஞ்சம் கிரீஸ் தடவுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. முறுக்குவதற்கு முன்பே எல்லாக் கதவுகளையும், பின்கதவையும், முழுமையாகத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அது தோன்றாமல் போய், பின்கதவு பாதியில் பந்தல் உறையை இடிக்கிறது என்று வீடு வந்த பிறகு கண்டுபிடித்தவர்கள் எத்தனையோ பேர். அங்கே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுவதால் பந்தலை இடப்பக்கத்திலேயே கட்டுகிறார்கள். ஓரமாக நிறுத்தி விரித்தால், நிழலும் அதன்கீழ் விளையாடும் குழந்தைகளும் போக்குவரத்துக்கு அப்பாற்பட்ட பக்கத்தில் இருப்பார்கள்.

இத்தனையும் சரியாக நடந்த பிறகும், மண்சாலையில் முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறிப் பார்க்கத்தான் வேண்டும். எந்த நட்டு எங்கே இருக்கிறது என்பது தன் கையால் முறுக்கியவனுக்கே நினைவிருக்கும். கடையில் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களில் பலர் மேலே ஏறிப் பார்ப்பதே இல்லை என்பதால், கூடியவரையில் இந்த வேலையை உடையவரே செய்துகொள்வது நலம் என்பேன்.

இனி, காற்று. கால் ஊன்ற வேண்டியதில்லை என்னும் விளம்பரத்தின்மேல் எனக்குள்ள கோபம் இந்த இடத்தில்தான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று எதிர்த்து நிற்கும் பரப்பின்மேல் சதுர மீட்டர் ஒன்றுக்குச் சுமார் ஏழரைக் கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைச் செலுத்துகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 10 சதுர மீட்டர்த் துணியின் அடியில் அந்தக் காற்று புகுந்து தூக்கினால், 75 கிலோவை ஒத்த விசை, நீண்ட கைகளின் நெம்புதலால் இன்னும் பெருகி, அந்த ஒற்றைக் கீலிலும் இரண்டு மூன்று போல்ட்களிலும் போய் முடிகிறது. அந்தச் சமயத்தில் முளையும் இழுகயிறும் இல்லாதவனுடைய பந்தல் வண்டியின் கூரையைத் தாண்டி மறுபக்கம் கவிழ்ந்துவிடும்; கைகள் வளைந்துபோகும்; கேரியரின் கால்கள் தகட்டைப் பள்ளம் விழச் செய்யும். பாலைவனத்துச் சுழற்காற்று கடிதம் எழுதிவிட்டு வருவதில்லை. ஆதலால், எந்தப் பந்தலானாலும், காற்று அசையாத காலையிலானாலும், விரித்தவுடன் கயிறு கட்டுவதே முறை. மழைக்கும் ஒரு மூலையைத் தாழ்த்திவிட வேண்டும். ஒரு சதுர மீட்டர்க் குழிவில் சராசரி பத்து சென்டிமீட்டர் நீர் தேங்கினால் அதுவே 100 கிலோ.

பெரிய குடும்பத்துக்குப் பெரிய நிழல் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டொயோட்டா லேண்ட் குரூசரின் 70-ஆம் வரிசையைப் போல, கூரையின் இரு விளிம்பிலும் மழைநீர் ஓடும் வாய்க்காலும், அதைப் பல இடங்களில் பற்றிக்கொள்ளும் உறுதியான கேரியரும் உள்ள வண்டியை வைத்திருப்பவர், கணக்குப் பார்த்த பின் 270 பாகையை மாட்டிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. வண்டியில் சிறிய பந்தலையே வைத்துக்கொண்டு, அதன் முன்விளிம்பை ஒட்டி ஒரு தார்ப்பாயைத் தரையில் ஊன்றிய கம்புகளின்மேல் கட்டிக்கொண்டால், வேண்டிய நிழல் கிடைக்கும். அந்தத் தார்ப்பாய் பிரயாணத்தில் வண்டிக்குள் தாழ்வான இடத்தில் கிடக்கும். கூரைக்கு அதனால் பாரமில்லை, காற்றில் அது பறந்தாலும் போல்ட்களுக்குச் சேதமில்லை. கட்டுவதற்குக் கால்மணி நேரம் அதிகமாகும் என்பது உண்மை. விடுமுறைக்குப் போகிறவருக்கு அந்தக் கால்மணி நேரத்தில் என்ன அவசரம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வாங்குகிறவர்களை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. டயரில் எவ்வளவு காற்று அடைக்க வேண்டும் என்பதை ஓட்டுகிறவர் கதவைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளும்படி தகடு ஒட்டி வைக்கிற தயாரிப்பாளர்கள், கூரையின் எல்லையைப் பெரும்பாலும் கைப்புத்தகத்தின் பிற்பகுதியில் எங்கேயோ புதைத்து வைக்கிறார்கள். டயர்க் காற்றின் தகட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் அச்சிட என்ன செலவாகிவிடும்? தார்ச்சாலையில் இவ்வளவு, மண்சாலையில் இவ்வளவு, கேரியரும் சேர்த்து என்று அங்கே எழுதியிருக்குமானால், பந்தல் விற்கிற கடைக்காரரும் அதைப் படிக்காமல் மாட்டிக் கொடுக்க முடியாது. மாட்டிக்கொள்கிறவரும் அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. கேரியரின் வகைக்குத் தக்கபடி எல்லை மாறும், ஆகையால் ஒரே எண்ணை எழுதுவதற்கில்லை என்று தயாரிப்பாளர்கள் ஆட்சேபிக்கக்கூடும். டயரின் காற்றழுத்தமும் பாரத்துக்குத் தக்கபடி மாறுகிறது. அதற்குத் தகட்டில் இரண்டு கட்டங்கள் போட்டு எழுத அவர்களுக்குத் தெரிந்துதானே இருக்கிறது!