ஆழமில்லை என்றால் ஆபத்தில்லையா?

'ஆறேழு மீட்டர்தானே, பக்கத்திலேயே இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறாரே!' அந்தமானுக்கும் புதுச்சேரிக்கும் சுற்றுலா போகும் பெற்றோர், பிள்ளைகளை ஸ்கூபா டைவிங்குக்கு அனுப்பத் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. பாதி உண்மை என்பதால்தான் இது முழுப் பொய்யைவிட மோசமானது.

ஆழத்தோடு கூடும் ஆபத்துகள் உண்டு. ஆனால் நுரையீரல் கிழிய ஆழம் தேவையில்லை. கடல்மட்டத்தில் 1 வளிமண்டலமாக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் 2 ஆகிறது. அடுத்த 10 மீட்டரில் 3தான். அழுத்தம் இரட்டிப்பாவது முதல் 10 மீட்டருக்குள். 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இருமடங்காக விரியப் பார்க்கும். நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்திருந்தால் ஒன்றரை மீட்டர்கூடப் போதும். நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழ் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்விடலாம்.

'என் பையன் கிணற்றில் மீன் மாதிரி முங்குவான்' என்பதும் இங்கே எடுபடாது. மேலே இழுத்த மூச்சு தண்ணீருக்குள் சுருங்கி, வெளியே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். அவனுக்குக் கைவந்த மூச்சடக்கல், ஸ்கூபாவில் செய்யவே கூடாத காரியம். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து பயந்த பிள்ளை முதலில் செய்வதும் அதுதான்: மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாயும். கையைப் பிடித்திருக்கும் இன்ஸ்ட்ரக்டரால் பிள்ளைக்காக மூச்சு விட முடியாது.

நுரையீரலுக்கு மட்டுமல்ல, காதுக்கும் ஆபத்து உண்டு. குழந்தைகளின் காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் குறுகலானது. சளி பிடித்தால் எளிதில் அடைக்கும்; அடைத்தால் தண்ணீரின் அழுத்தத்தில் காது வலிக்கும். 'வீசிங் உண்டா, சளி உண்டா' என்று கேட்கும் படிவத்தில் படிக்காமலே 'இல்லை' என்று டிக் அடிப்பது யார்? அப்பா பணம் கட்டிவிட்டாரே என்று காதுவலியை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு.

ஸ்கூபா பயிற்சி அமைப்பான பேடி (PADI), 8 வயதுக் குழந்தையை அறிமுக முயற்சியில் 2 மீட்டருக்குள்ளும், 10, 11 வயதுப் பிள்ளைகளை 12 மீட்டருக்குள்ளும் நிறுத்துகிறது. அது மேல்வரம்பு மட்டுமே. வயது நிறைந்த பிள்ளையெல்லாம் தயார் என்று அதற்கு அர்த்தமில்லை.

வீசிங் இருந்த பிள்ளையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சை நிறுத்தாமல் விடவும், மாஸ்க் தண்ணீரை வெளியேற்றவும், காதுவலியைச் சைகையால் சொல்லவும் நீச்சல்குளத்தில் பழக்காமல் கடலில் இறக்குபவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். படகில் ஏறிய பிறகும் பிள்ளை வேண்டாம் என்றால், இரண்டாம் முறை கேட்காதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.